நிறையா, திணிவா? தரம் 6–9 விஞ்ஞான வினாத்தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

திருகோணமலை மத்திய வீதியிலுள்ள புத்தகக் கடையொன்றில், கடந்த தவணை விடுமுறையின்போது 850 ரூபா கொடுத்து வாங்கிய விஞ்ஞான வினாத்தொகுப்பு ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பகுதிகளையும் தரம் 6 முதல் 9 வரையான மாணவர்களுக்காக அறுநூறுக்குச் சற்று மேற்பட்ட வினாக்களில் அடக்கித் தருவதாக அதன் பின்னட்டை கூறுகிறது. நூலின் பெயரையும் வெளியீட்டாளரின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். நான் கண்ட குறைகளுள் முதன்மையானது, கடையில் இதே தட்டில் அடுக்கப்பட்டிருந்த வேறு இரண்டு நூல்களிலும் அப்படியே இருந்தது. எனவே ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

நான் ஆசிரியை அல்லேன். உயர்தரத்தில் உயிரியற் பிரிவில் படித்து, பின்னர் வேறு தொழிலுக்குச் சென்றவள். எட்டாந்தரத்தில் படிக்கும் என் மகளும், அவளோடு சேர்ந்து மாலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து அமரும் அயல்வீட்டுப் பிள்ளைகள் மூவரும் ஆறு கிழமைகளாக இந்த நூலைப் பயன்படுத்தினார்கள். பிள்ளைகள் எங்கே சிரித்தார்கள், எங்கே தடுக்கினார்கள், எங்கே நூலை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள் என்பதை அருகிலிருந்து கண்டதே இதை எழுத எனக்குள்ள தகுதி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வினாக்களை ஆக்கியவர், அல்லது ஆக்கியவர்களுள் ஒருவராவது, உலகத்தைக் கண் திறந்து பார்ப்பவர். ‘ஒளித்தொகுப்பு என்றால் என்ன?’ என்று வரைவிலக்கணம் கேட்டு நிறுத்தும் வினாக்கள் இருக்கின்றனதான். ஆனால் அவற்றுக்கிடையே, கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழையும் கப்பல் ஏன் சற்றுக் கூடுதலாக அமிழ்கிறது என்றும், நுவரெலியாவில் பருப்பு அவிய ஏன் அதிக நேரம் எடுக்கிறது என்றும், ஆணியைக் கொதித்தாறிய நீரில் இட்டு அதன்மேல் எண்ணெய் ஊற்றுவது எதற்காக என்றும் கேட்கும் வினாக்கள் வருகின்றன. இவற்றுக்கு மனப்பாடம் உதவாது. மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து கலப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு முதலாவது வினா வெறும் ஏட்டு வினாவன்று. நன்னீரின் அடர்த்தி ஒரு கனமீற்றருக்கு 1000 கிலோகிராம், கடல்நீரினது ஏறத்தாழ 1025 கிலோகிராம்; மிதக்கும் வள்ளம் தன் நிறைக்குச் சமமான நிறையுள்ள நீரை இடம்பெயர்க்க வேண்டும்; ஆகவே அடர்த்தி குறைந்த ஆற்றுநீரில் அது கூடிய கனவளவை இடம்பெயர்க்க வேண்டியிருக்கிறது, அதாவது மேலும் கொஞ்சம் அமிழ வேண்டியிருக்கிறது. மூதூரில் உறவினர் உள்ள ஏழாந்தரப் பையன் இதைக் கேட்டதும், கடலிலிருந்து ஆற்றுவாய்க்குள் திரும்பும்போது வள்ளத்தின் விளிம்பு நீருக்கு அருகில் வருமா என்று தன் மாமாவிடம் கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னான். சிறிய வள்ளத்தில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவது கடினம் என்று நான் சொன்னதை அவன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நுவரெலியா வினாவும் அப்படித்தான். கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் குறைவாக இருப்பதால் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொதித்த பிறகு அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பானையிலுள்ள நீரின் வெப்பநிலை அதற்குமேல் ஏறாது என்பதால் பருப்பு மெதுவாகத்தான் அவியும். ‘கொதித்தால் அவிந்துவிடும்’ என்ற சமையலறை எண்ணத்தை உடைக்கும் இந்த வினாவுக்காகவே நூலாசிரியருக்கு நன்றி சொல்லலாம்.

இனி முதன்மையான குறைக்கு வருகிறேன். பௌதிகவியற் பகுதியில் ஒரு வினா: ‘ஒரு மனிதரின் நிறை புவியில் 60 கிலோகிராம் எனின், நிலவில் அவரது நிறை யாது?’ என் மகள் சிறிது யோசித்து 10 கிலோகிராம் என எழுதினாள். நூலின் இறுதியிலுள்ள விடைப்பகுதி 60 கிலோகிராம் என்றது. அவள் விடவில்லை. “அம்மா, நிலாவில நிறை குறையும் எண்டுதானே ரீச்சர் படிப்பிச்சவ” என்று தன் கொப்பியை எடுத்துவந்து காட்டினாள். கொப்பி சரி, ஆசிரியை சரி. வியப்பு என்னவென்றால், வினாவை ஆக்கியவரின் நோக்கில் நூலின் விடையும் சரி.

இலங்கைப் பாடநூல்களில் ஒரு பொருளில் அடங்கியுள்ள சடப்பொருளின் அளவுக்குத் திணிவு என்றும், அதன்மீது தாக்கும் ஈர்ப்பு விசைக்கு நிறை என்றும் பெயர். திணிவு கிலோகிராமிலும் நிறை நியூற்றனிலும் அளக்கப்படும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முதலாவதுக்குப் பெயர் நிறை, இரண்டாவதுக்குப் பெயர் எடை. எனவே ‘நிலவில் நிறை மாறாது’ என்பது அங்கே சரி, இங்கே பிழை. இங்கே நாம் சொல்ல வேண்டியது: திணிவு 60 கிலோகிராம் எங்கும் மாறாது, புவியில் ஏறத்தாழ 600 நியூற்றனாக இருக்கும் நிறை, நிலவின் ஈர்ப்பு புவியினுடையதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்பதால், அங்கே ஏறத்தாழ 100 நியூற்றனாகக் குறையும். என் மகள் ஆறால் வகுத்தது சரியான நினைவால். கிலோகிராம் என்று அலகைப் போட்டது மட்டும் அவள் தவறு. ஆனால் அந்தத் தவறுக்கு அவளை இழுத்துச் சென்றது வினாவே.

இரண்டு கரைகளின் நூல்களிலிருந்தும் வினாக்களை எடுத்துக் கலந்தவர்கள் அவற்றை ஒருமுறையேனும் சேர்த்து வாசித்துப் பார்க்கவில்லை என்பது வேறு இடங்களிலும் தெரிகிறது. ‘வட்டப் பாதையில் ஒரு பொருள் மாறா வேகத்துடன் இயங்க முடியுமா?’ என்ற வினாவுக்கு ‘ஆம்’ என விடை தரப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் வேகம் என்பது திசையைக் கணக்கில் எடுக்காத அளவு. திசையோடு சேர்ந்தது திசைவேகம். நம் பாடநூல்களில் திசையில்லாதது கதி, திசையுள்ளது வேகம். வட்டத்தில் செல்லும் பொருளின் திசை ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டிருப்பதால், நம் வழக்கில் விடை ‘இல்லை’ என்பதே. ஒரே சொல், ஒரே வினா, நேரெதிரான இரண்டு விடைகள். பரீட்சை மண்டபத்தில் இதற்கு யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

ஆக்சிஜன், செல், முடுக்கம், துத்தநாகம் போன்ற சொற்களும் நூலில் ஆங்காங்கே வருகின்றன. அவை எனக்குப் பெரிய கவலை தரவில்லை. ஒட்சிசனை ஆக்சிஜன் என்றோ, கலத்தைச் செல் என்றோ, ஆர்முடுகலை முடுக்கம் என்றோ எழுதினால் பிள்ளை ஒருமுறை கேட்கும், சொன்னால் விளங்கிக்கொள்ளும். பெயர் புதிதாக இருந்தால் எச்சரிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. பழகிய சொல் வேறு பொருளோடு வந்து நிற்பதே ஆபத்து, ஏனெனில் அங்கே கேட்க வேண்டும் என்ற எண்ணமே பிள்ளைக்கு எழுவதில்லை. இதில் எனக்கு மனவருத்தம் தரும் ஒரு வரலாறும் உண்டு: இந்த நகரத்து இந்துக் கல்லூரியின் பொறுப்பில் முன்பு இருந்த, விஞ்ஞானம் கற்ற சுவாமி விபுலாநந்தர்தாம் 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். இரு கரையினரும் ஒரே மேசையில் அமர்ந்து சொற்களைத் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. இன்று ஒரே நூலின் இரு பக்கங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

இரசாயனவியற் பகுதியில் சொற்குழப்பம் சற்றுச் சிரிப்பூட்டுவதாகவும் அமைந்தது. ‘செம்பருத்திப் பூவின் சாற்றைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் எவ்வாறு இனங்காணலாம்?’ என்ற வினாவைக் கண்டு, எங்கள் வேலியோரம் முழுக்கச் செவ்வரத்தை பூத்துக் கிடக்க, அது எங்கே கிடைக்கும் என்று நால்வரும் என்னைக் கேட்டார்கள். அதுவும் இதுவும் ஒன்றே என்றதும் வேலை தொடங்கிற்று. இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றில் தேசிக்காய்ச் சாறு விட, அது பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாறியது. சவர்க்கார நீர் விட்டதும் மங்கிய பச்சை நிறம் வந்தது. பாசிச்சாயத் தாள் வாங்காமலேயே ஒரு காட்டியை வீட்டில் செய்துவிடலாம் என்பதைப் பிள்ளைகள் அன்று கைகளாலேயே கற்றுக்கொண்டார்கள். பிறகு அவர்கள் பற்பசை, மோர், அப்பச்சோடாக் கரைசல் என்று சமையலறையையே பரிசோதனைச்சாலையாக்கியதும், இரவு வரை நான் கோப்பைகளைக் கழுவியதும் இந்த மதிப்புரைக்கு வேண்டாதவை.

ஆனால் அதே பகுதியில் மன்னிக்க முடியாத ஒரு விடுபடலும் இருக்கிறது. இலையில் மாப்பொருள் உண்டா எனச் சோதிக்கும் செயன்முறையை விளக்கும் இடத்தில், ‘இலையை மதுசாரத்தில் கொதிக்கவைத்துப் பச்சையத்தை அகற்றுக’ என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். மதுசாரம் எளிதில் தீப்பற்றக்கூடியது; ஏறத்தாழ 78 பாகை செல்சியசில் கொதிப்பது. அதனால்தான் மதுசாரமுள்ள குழாயை நேரடியாகச் சுவாலையில் காட்டாமல், சூடான நீருள்ள முகவையினுள் வைத்து, அதாவது நீர்த்தொட்டி முறையில், சூடாக்க வேண்டும் என்று பாடசாலையில் ஒவ்வொரு முறையும் வலியுறுத்துவார்கள். நீர்த்தொட்டி என்ற ஒரே ஒரு சொல் விடுபட்டுப் போனதால், ஆர்வமுள்ள பிள்ளை ஒன்று வீட்டு அடுப்பில் இதைச் செய்து பார்க்கத் துணியக்கூடும். உயிரியலுக்குரிய இந்தச் செயன்முறை இரசாயனவியற் பகுதியில் ஏன் வந்தது என்பதும் விளங்கவில்லை.

விடைப்பகுதியின் தரம் வினாக்களின் தரத்துக்கு எங்கோ கீழே நிற்கிறது. வினாக்களை ஒருவரும் விடைகளை அச்சுக்கு முதல்நாள் இரவு வேறொருவரும் எழுதினார்களோ என ஐயுற வைக்கும் அளவுக்கு அந்த வேறுபாடு இருக்கிறது. ‘தாவரங்கள் பகலில் ஒளித்தொகுப்பையும் இரவில் சுவாசத்தையும் மேற்கொள்கின்றன’ என்ற கூற்றுக்குச் சரி என அடையாளமிட்டிருக்கிறார்கள். பலர் வளர்ந்த பின்னும் சுமந்து திரியும் தவறு இது. தாவரக் கலங்கள் இரவும் பகலும் சுவாசிக்கின்றன. பகலில் ஒளித்தொகுப்பின் வீதம் சுவாசத்தின் வீதத்தைவிடக் கூடுதலாக இருப்பதால் வெளியே ஒட்சிசன் வருவதாகவே நமக்குப் புலப்படுகிறது. வெளிச்சுவாச வளியில் காபனீரொட்சைட்டு மட்டுமே உண்டு என்ற தொனியில் எழுதப்பட்ட மற்றொரு விடையும் பிழையானது. நாம் வெளிவிடும் வளியிலும் ஏறத்தாழ 16 சதவீதம் ஒட்சிசன் எஞ்சியிருக்கிறது. காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 4 சதவீதமே.

இந்த நூலைப் பற்றி ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லி விட்டுவிடச் சொன்னால், முட்டைச் சம்பவத்தையே சொல்வேன். அடர்த்தி பற்றிய அலகில், ‘முட்டை நன்னீரில் அமிழும், கடல்நீரில் மிதக்கும். காரணம் தருக’ என்று ஒரு வினா. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது காரணத்தை மட்டும் எழுதிவிட்டு இருப்பானேன் என்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்புவெளிக் கரையிலிருந்து ஒரு போத்தல் கடல்நீர் கொண்டுவந்தோம். அன்று கடையில் வாங்கிய முட்டையை அதில் இட்டோம். முட்டை நேரே அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வேறொரு முட்டையை இட்டோம்; அதுவும் அப்படியே. பிள்ளைகள் நூலையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

உண்மையில் புதிய முட்டை கடல்நீரில் மிதக்காது. அதன் அடர்த்தி நீரினுடையதைப்போல் ஏறத்தாழ 1.08 மடங்கு, கடல்நீரினதோ 1.025 மடங்குதான். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. முட்டையை மேலே தூக்க அது போதாது. அரை லீற்றர் கடல்நீரில் கறியுப்பை மேசைக்கரண்டி மேசைக்கரண்டியாக இட்டுக் கரைத்தோம். மூன்றாவது கரண்டி கரைந்து முடியும் தறுவாயில் முட்டை அடியிலிருந்து மெதுவாக எழும்பி நடுவில் சற்றுத் தயங்கி, பின் மேலே வந்தது. ஆறாந்தரப் பிள்ளை கைதட்டினாள். பழைய முட்டை மட்டும் ஏன் குறைந்த உப்பிலும் மிதக்கக்கூடும் என்று அடுத்ததாகக் கேட்டது என் மகள்; ஓட்டின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிப் போக, உள்ளே வளியறை பெரிதாவதால் என்று சொன்னேன். நூலாசிரியர் ஒரு போத்தல் கடல்நீரையும் ஒரு முட்டையையும் கையில் எடுத்திருந்தால் இந்தப் பிழை அச்சேறியிருக்காது. பிழையான அந்த வினாதான் ஆறு கிழமைகளிலும் மிக அதிகமாகக் கற்பித்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்காக நூலுக்கு மதிப்பெண் கொடுக்க முடியாது.

உயிரியற் பகுதி ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. கண்டல் தாவரங்களின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது ஏன், திமிங்கிலம் ஏன் மீண்டும் மீண்டும் நீர்மட்டத்துக்கு வருகிறது, அசைபோடும் விலங்கின் இரைப்பை எத்தனை அறைகளைக் கொண்டது என்பன போன்ற வினாக்களுக்கு இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் படமே தேவையில்லை. நான்கு அறை இரைப்பை பற்றிச் சொன்னதும், பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் படுத்தபடி வாயை அசைத்துக்கொண்டிருப்பதை ஒருவன் நடித்தே காட்டினான். மீனின் வால் பக்கவாட்டாகவும் திமிங்கிலத்தின் வால் மேலும் கீழுமாகவும் அசைகிறது என்ற வேறுபாட்டை நூல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வினா இன்னும் சிறந்திருக்கும்.

கணக்குகள் சலிப்பூட்டுகின்றன. ‘அ’ என்னும் ஊரிலிருந்து ‘ஆ’ என்னும் ஊருக்கு ஒரு கார் போய்க்கொண்டே இருக்கிறது. நான் அவற்றை விட்டுவிட்டு, 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தை ஒரு சைக்கிள் 99 செக்கன்களில் கடந்தால் அதன் சராசரிக் கதி என்ன என்று கேட்டேன். செக்கனுக்கு 4 மீற்றர் என்ற விடை வந்ததோடு, எதிர்க்காற்றில் அப்படி மிதிக்க முடியாது என்ற ஆட்சேபமும் வந்தது.

தாளும் அச்சும் விலைக்கு ஏற்றவையே. படங்கள் கறுப்பு வெள்ளை; கலத்தின் படத்தில் இழைமணியையும் பச்சையவுருமணியையும் சுட்டும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. கட்டு இரண்டாம் கிழமையிலேயே தளர்ந்துவிட்டது.

இதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, அருகில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. விஞ்ஞானம் ஓரளவு தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்வாரானால், இதன் வினாக்களுக்காக 850 ரூபா தாராளமாகக் கொடுக்கலாம். பிள்ளை தனியே இருந்து செய்து, தானே பின்பக்கம் திருப்பி விடை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து வாங்குவதானால் வேண்டாம். அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூலில் ஒவ்வோர் அலகின் முடிவிலும் உள்ள பயிற்சிகளே அதற்குப் போதும், அவற்றில் சொற்களாவது ஒரே பொருளில் வருகின்றன. வாங்கியவர்கள் முதல் வேலையாக விடைப்பகுதியைக் கத்தரித்து எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்வது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன், கட்டு தளர்ந்திருந்ததால் கத்தரிக்கோலும் தேவைப்படவில்லை.

பிழைகளைக் குறிப்பிட்டு வெளியீட்டாளருக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும்வரை மறுமொழி வரவில்லை. எங்கள் பிரதியில் என் மகள் பௌதிகவியற் பகுதி முழுவதையும் பென்சிலோடு கடந்து, ‘நிறை’ வரும் இடமெல்லாம் அலகைப் பார்த்து, கிலோகிராம் என்றால் மேலே ‘திணிவு’ என்று எழுதி வைத்திருக்கிறாள். அலகே இல்லாத மூன்று வினாக்களுக்கு நேரே மட்டும் கேள்விக்குறி போட்டு விட்டிருக்கிறாள்.